திருமலைத் தங்கப் பல்லி: முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தம்

நம் சங்கத்தின் 2004-ஆம் ஆண்டு மலரில் "திருமலைப் பல்லிகள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் திருமலைப் பாறைகளில் இரண்டு சாதிப் பல்லிகள் உண்டு, ஒன்று பொன்னிறமானது, அபூர்வமானது. மற்றொன்று மண்ணிறமானது, சாதாரணமானது என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். அன்பர்கள் பலர் பாராட்டினார்கள். ஒருவர்கூடத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அது தவறுதான். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, எப்படித் தெரியவந்தது, அதனால் என்ன கெட்டது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. வெல்லமும் புளியும் தானியமும் விற்கிற வியாபாரி நான். பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவனல்ல. விலங்கியல் அறிஞர்கள் யாரேனும் இதைப் படித்தால் பொறுத்தருளணும்.

பல்லி நமக்குப் புதுசு இல்லை. தமிழில் பல்லி, தெலுங்கில் பல்லியே கொஞ்சம் அழுத்தி 'B' ஒலியோடு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். சித்தூரில் இரண்டு பாஷையும் கலந்து பேசுகிற நமக்கு எது எந்தப் பாஷை என்று யோசிக்கக்கூடத் தோன்றாது. சங்க அகப்பாடல்களிலேயே பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் இன்றும் அச்சாகிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணன். ஆனால் பிழைக்கச் சித்தூர் வந்த புதிதில், மண்டிக் கூட்டாளிகளுடன் காஞ்சிக்குப் போய் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி என்று இரண்டாகப் பார்க்கிற பழக்கம் ஒருவேளை அங்கிருந்தே என் மனதில் ஏறிவிட்டதோ என்னவோ.

2003-இல் திருமலைக்கு நடந்து போன ஒரு பயணத்தில் சக்கர தீர்த்தம் பக்கம் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பாறை வெடிப்பிலிருந்து கிச்கிச்சென்று ஒரு சத்தம். ஒன்று கத்தினால் பதிலுக்கு இன்னொன்று. எட்டிப் பார்த்தால், நல்ல மஞ்சள். புதுசாகத் தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி ஒரு பல்லி பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, பாறையோடு பாறையாகப் பழுப்பு நிறத்தில் நாலைந்து. கூட வந்தவர் "பங்காரு பல்லி, பங்காரு பல்லி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழுப்பு நிறத்தவற்றை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

அந்தப் பல்லியின் சரித்திரத்தை அப்புறம் தேடிப் படித்தேன். அந்தப் பகுதி அன்று சரியாகவே இருந்தது, அதனால் மறுபடி சொல்கிறேன். சென்னை மாகாண வனத்துறையில் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்ற ஆங்கிலேயர், 1870-இல் இதைத் திருப்பதி மலையிலிருந்து முதன்முதலாக உலகுக்கு எழுதினார். அப்போது திருப்பதி வட ஆற்காட்டு ஜில்லாவில் இருந்தது. சித்தூர் ஜில்லா என்பதே 1911-இல்தான் பிறந்தது. இப்போது 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி தனி மாவட்டம். ஊரின் ஜில்லா விலாசம் இரண்டு முறை மாறியும் பல்லியின் விலாசம் அதே பாறைதான். அதன் விஞ்ஞானப் பெயர் கேலோடாக்டைலோடஸ் ஔரியஸ். முதல் பாதிக்கு அழகிய விரல் என்ற கருத்து, இரண்டாம் பாதிக்குப் பொன்னானது என்று பொருள். பெயர் வைத்தவர்கள் விரலை முதலில் பார்த்தார்கள், பொன்னைப் பிறகுதான் பார்த்தார்கள். நாம் தலைகீழாகப் பார்த்தோம்.

பெடோமுக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஜே.சி. டேனியலும் உடன் பணியாற்றியவர்களும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இதை மறுபடி கண்டுபிடித்த செய்தியை 1986-இல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு திருமலை தவிர ஆந்திரத்தின் வேறு மலைகளிலும், தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கத்திலும், ஒடிசாவிலும் இருப்பதாகப் பதிவுகள் வந்தன. இதற்கு உலகில் ஒரே ஒரு உடன்பிறப்புதான். அது இலங்கையின் பாறைகளில் இருக்கிறது. 1953-இல் தெரணியகல என்ற அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். நடுவில் கடல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

சரி, என் தவறுக்கு வருகிறேன்.

2018-இல் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். பேரனுக்கு அப்போது பதினான்கு வயசு. அவன் அறையில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அத்தனையிலும் பல்லி! சிறுத்தைப் பல்லி என்று நாம் சொல்லலாம். அங்கே லெபர்ட் கெக்கோ என்கிறார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகள் இதன் பூர்வீகம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கும் இதற்கும் தூரத்து உறவுதான். நம் பல்லிக்கு இமை கிடையாது, நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு, கண் மூடித் தூங்கும். நம் பல்லி சுவர் ஏறும். இதன் விரலில் ஒட்டும் தட்டு இல்லாததால் கண்ணாடியில் ஏற முடியாது. வால் மட்டும் கத்தரிப் பிஞ்சு மாதிரி தடித்திருக்கும். கொழுப்பை அங்கே சேமிக்கிறது.

எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. இது உயிருள்ள பூச்சிதான் தின்னும். சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் டப்பாவில் காசு கொடுத்து வாங்குகிறான். நம் மண்டியில் மூட்டைக்குள் வந்தால் நஷ்டம் என்று தலையில் கைவைத்துக்கொள்ளும் அதே மாவுப்புழு! ஓருயிருக்கு இன்னோர் உயிரை எடுத்துப் போடுவதை எங்கள் வீட்டுப் பிள்ளை செய்கிறானே என்று மகளிடம் முணுமுணுத்தேன். "நீங்களே அவன்கிட்ட கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். கேட்டேன். "தாத்தா, இது காட்டுல இருந்தாலும் அதைத்தானே திங்கும்" என்றான். காட்டில் அது தானே தேடும், இங்கே நீ கொடுக்கிறாய் என்றேன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவன் அறையில் தினமும் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதற்குக் கணக்கில்லை.

அவன் வளர்ப்பது நிற வகைகளுக்காக. மார்ஃப் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த சாதாரண நிறத்திலிருந்து, புள்ளி குறைந்த மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பே இல்லாத வெளிறல் என்று எத்தனையோ. ஒன்றின் விலையும் மற்றொன்றின் விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இதில் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதென்று நினைத்தேன். இல்லை. குட்டி பிறக்கும்போது பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். குட்டியின் நிறத்தைப் பார்த்து வகை சொல்கிறவன், நாற்றைப் பார்த்து நெல் மூட்டைக்கு விலை பேசுகிறவன் மாதிரி.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அவன் எனக்குப் படம் போட்டு விளக்கினான். பல்லித் தோலில் மூன்று விதமான நிற அணுக்கள். ஒன்று கறுப்பும் பழுப்பும் தருவது. ஒன்று மஞ்சளும் செம்மஞ்சளும் தருவது. மூன்றாவது நிறமே இல்லாதது. அதற்குள் சிறு படிகங்கள் இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும், வெள்ளையும் பளபளப்பும் அதனால். இந்த மூன்றும் கூடுவதும் குறைவதும்தான் எல்லா வகையும். கறுப்பு அணு வேலை செய்யாவிட்டால் வெளிறல். அந்த வெளிறலிலேயே டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று வம்சம் இருக்கிறது. மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒரு வம்சத்து வெளிறலை வேறு வம்சத்து வெளிறலோடு சேர்த்தால் பிறக்கிற குட்டி எல்லாம் சாதாரண நிறம்! மூன்று வம்சத்திலும் பழுதுபட்ட மரபணு வேறு வேறு, அதனால்தான். தாயிடம் பழுதான இடத்தைத் தந்தையிடமிருந்து வந்த நல்ல பிரதி சரிக்கட்டிவிடுகிறது. இது தெரியாமல் பணத்தைப் போட்டவர்கள் நிறைய.

மெண்டல் பாதிரியார் 1866-இல் பட்டாணிச் செடியை வைத்து எழுதிய கணக்குதான் இங்கேயும். வெளிறல் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரும் வெளியே சாதாரண நிறமாக இருந்து உள்ளே ஒரு பிரதி ஒளித்து வைத்திருந்தால், நான்கில் ஒரு குட்டி வெளிறும். மீதி மூன்றில் இரண்டு அந்தப் பிரதியை ஒளித்து வைத்திருக்கும், ஒன்றில் இருக்காது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றே. அதனால் அந்த மூன்றையும் "66 சதவீதம்" என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். வியாபாரத்தில் நாற்பது வருஷம் இருந்தும் 66 சதவீத வெல்லம் யாருக்கும் விற்றதில்லை. ஆனால் யோசித்தால் அது நேர்மையான சீட்டு. தெரியாததைத் தெரியாது என்று எண்ணாலேயே சொல்கிறது. 2004-இல் நானும் என் கட்டுரைக்கு ஒரு சதவீதம் போட்டிருக்கலாம்.

எல்லா நிறமும் ஒடுங்குவதில்லை. மாக் ஸ்நோ என்று ஒரு வகை. ஒரு பிரதி இருந்தால் மஞ்சள் குறைந்து வெளுத்த நிறம். இரண்டு பிரதி சேர்ந்தால் உடலெங்கும் புள்ளியும் முழுக் கறுப்புக் கண்ணுமாக வேறு ஜந்து போல ஆகிவிடும். எனிக்மா என்ற வகையில் ஒரு பிரதியே போதும், நிறம் வந்துவிடும். ஆனால் நிறத்தோடு நோயும் வரும்: தலை சாய்ந்து, ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றும். எல்லாவற்றிலும் கொடுமை லெமன் ஃப்ராஸ்ட். எலுமிச்சை மஞ்சளும் பனி வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கும். நான் ஊர் திரும்பிய பிறகு, 2021-இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து அறிஞர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். ஒளி திருப்பும் அந்த வெள்ளை அணுக்களே அடங்காமல் பெருகுவதால்தான் அந்த அழகு. அதே பெருக்கமே புற்றுக் கட்டியாகவும் ஆகிறது. இந்த வகையில் பிறந்தவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் கட்டி காணும் என்பது அவர்கள் கண்டது. பேரன் அந்த வகையை வாங்கவே இல்லை என்று போனில் சொன்னபோது நிம்மதியாக இருந்தது.

முட்டை விஷயம் இன்னும் விசித்திரம். சிறுத்தைப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஈரமான பொடிக்கல்லில் பாதி புதைத்து, எடுத்த பக்கம் புரளாமல் வைக்கணும். புரட்டினால் உள்ளே இருக்கும் கரு கெட்டுவிடும் என்பதால் பேரன் பென்சிலால் மேல்பக்கம் புள்ளி வைப்பான். அப்புறம் சூடு. 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் பெரும்பாலும் பெண் பிறக்கும். 32, 33-இல் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 34, 35-க்குப் போனால் மறுபடி பெண்! ஆணா பெண்ணா என்பதை வம்சம் தீர்மானிக்கவில்லை, அடுப்பு தீர்மானிக்கிறது. அந்தச் சூடு நிறத்தையும் தொடும். சூட்டில் பொரித்தவற்றில் கறுப்பு குறைந்து மஞ்சள் தூக்கலாக இருக்கும். ஆக, ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே மரபணு, ஆனால் நிறம் வேறு.

அதைக் கேட்டதும் எனக்கு நம் வெல்லம் ஞாபகம் வந்தது. வெல்லம் பொன்னிறமாக இருக்க மூன்று காரணம் இருக்கலாம். கரும்பு ரகம் நல்லதாக இருக்கலாம். பாகு இறக்கிய பதம் சரியாக இருக்கலாம். இல்லையென்றால் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்திருக்கலாம். மூன்றும் மண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு மூன்றும் பொன். நிறத்தைப் பார்த்து ரகம் சொல்லக்கூடாது என்று என் மண்டிப் பையன்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஒருநாள் பேரனுக்குத் திருமலைப் பல்லியின் படத்தைக் காட்டிப் பெருமையாகச் சொன்னேன்: இது எங்க ஊர் மார்ஃப், பக்கத்திலிருக்கும் மண்ணிறம் வேறு சாதி. அவன் படத்தை உற்றுப் பார்த்தான். "தாத்தா, மஞ்சளா இருக்கறது எல்லாம் ஆணா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "மண்ணிறமா இருக்கறதுல ஆண் உண்டா? வருஷம் பூரா மஞ்சளா இருக்குமா? ரெண்டும் சேர்ந்து குட்டி போடுதா?" ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அவன் குத்தலாகக் கேட்கவில்லை. அவன் தொட்டிகளில் முதலில் கேட்கிற கேள்விகளே அவைதான். ஒரே ஒரு மதியம் பார்த்துவிட்டு இரண்டு சாதி என்று அச்சில் ஏற்றியவன் நான்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். உண்மை இதுதான்: இரண்டும் ஒரே இனம். பொன்னிறம் இனப்பெருக்கப் பருவத்தில் வளர்ந்த ஆணுக்கு ஏறுகிற நிறம். பெண்ணும் குஞ்சும் பழுப்பு. பருவமில்லாத காலத்தில் ஆணும் மங்கிவிடும். நான் பார்த்தது இரண்டு சாதியை அல்ல, ஒரு குடும்பத்தை.

நிறம் மாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டிலேயே பார்க்கலாம். ராத்திரி டியூப்லைட் பக்கம் வெள்ளைச் சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி வெளிறித் தெரியும். அதே பல்லி பகலில் படச்சட்டத்துக்குப் பின்னால் கறுத்துக் கிடக்கும். அதை இரண்டு பல்லி என்று யாரும் சொல்வதில்லை. தங்கம் என்ற சொல் வந்ததும்தான் நமக்குப் புத்தி மாறுகிறது.

ஒரு மலரில் வந்த ஒரு பிழையால் என்ன குடி முழுகிவிட்டது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019-இல் ஊர் திரும்பி, சங்கத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தூருக்கு வெளியே மலையடிவாரத்தில் அவருக்கு மாந்தோப்பு. தோப்பின் கோடியில் பெரிய குண்டுப்பாறை, அதன் அடியில் சுனை. கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. "நயினாரே, நீங்க எழுதினதைப் படிச்சுட்டுதான் நான் அந்தப் பாறையைச் சுத்தம் பண்ணேன்" என்றார். (இங்கே என்னை நயினார் என்றே கூப்பிடுவார்கள். தெலுங்குக்காரர்கள் அதை நாயனா ஆக்கிவிட்டதால் பாதி ஊருக்கு நான் அப்பா.)

நடந்தது இது. அந்தப் பாறையின் குடைவில் பழுப்புப் பல்லிகள் நிறைய. கூரையிலும் சுவரிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், நடுவில் உருண்டை முட்டைகள். குடைவில் ஒரு சிறு சுவாமி படம் வைக்க நினைத்தவர், இவை தங்கப் பல்லியாக இருக்குமோ என்று முதலில் தயங்கியிருக்கிறார். பிறகு என் கட்டுரையை எடுத்துப் பார்த்திருக்கிறார். மண்ணிறமானது சாதாரணம் என்று அதில் இருக்கிறது. ஆளை விட்டு முட்டையையெல்லாம் கரண்டியால் சுரண்டி, சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

அவர் சுரண்டியது என்ன என்பதை இப்போது சொல்கிறேன். இந்தப் பல்லியின் முட்டை சிறுத்தைப் பல்லி முட்டை மாதிரி மெத்தென்று இருக்காது. சுண்ணாம்பு ஓடு, இட்டவுடன் ஈரமாக இருந்து பாறையில் ஒட்டி இறுகிவிடும். அதைப் பெயர்த்து எடுத்து வேறிடம் வைக்க வழியில்லை, உடையும். ஒரு பெண் தனியாக இடம் தேடாது. மழை படாத, நிழல் மாறாத ஒரே குடைவைப் பல பெண்கள் தேர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டும். குஞ்சு போன பிறகு ஓட்டின் அடிவட்டம் பாறையில் வெள்ளைத் தழும்பாக நிற்கும். அடுத்த பருவத்தில் அதன் பக்கத்திலேயே புது முட்டை வரும். அந்த வெள்ளை வட்டங்கள் வெறும் அழுக்கல்ல. இத்தனை பருவமாக இங்கே பிறந்தோம் என்ற பேரேடு. வியாபாரியின் பேரேட்டைக் கிழிப்பது எத்தனை பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

பொன்னிறத்தை மட்டும் மதிக்கிறவன் செய்யும் கெடுதல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் கவனிக்கணும். பிடிக்க வருகிறவன் பொன்னிறத்தை மட்டும் பிடிப்பான். அதாவது இனம் பெருக்க வேண்டிய பருவத்தில் ஆண்களை மட்டும் பொறுக்கி எடுப்பான். விட்டுவைத்த பழுப்புப் பெண்களையும் முட்டைகளையும் மற்றவர்கள் சாதாரணப் பல்லி என்று துடைத்துத் தள்ளுவார்கள். பிடித்தவன் வீட்டிலும் அது பொன்னாக இருக்கப் போவதில்லை. பருவம் போனால் நிறமும் போய்விடும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் தங்கப் பல்லியைப் பெயர் சொல்லி முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்து வளர்ப்பது எல்லாம் குற்றம். மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சட்டத்தில் பொன்னிறம், பழுப்பு என்று பேதமில்லை. ஆகவே என் பேரன் சிறுத்தைப் பல்லியை வளர்ப்பது போல நாமும் திருமலைப் பல்லியை வளர்த்துப் பல நிறம் வரவழைக்கலாமே என்று யாராவது கேட்டால், பதில் இரண்டு. ஒன்று, சட்டம். மற்றது, அங்கே நிறம் வம்சத்தில் இருக்கிறது. இங்கே பருவத்தில் இருக்கிறது. எத்தனை தலைமுறை சேர்த்தாலும் வருஷம் பூரா பொன்னாக இருக்கும் பல்லி வராது.

நிறத்தை நம்பக்கூடாது என்றால் எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது? விரலை. பெடோம் பார்த்த அதே விரல். நம் வீட்டுப் பல்லி, மரப்பல்லி வகைகளின் விரலடியில் வரிவரியாகத் தட்டுகள், ஒவ்வொன்றும் நடுவில் பிளந்து இருக்கும். தங்கப் பல்லிக்கு விரல் நுனியே சதுரமாக அகன்று இரண்டு பெரிய தட்டாக இருக்கும்; மேலிருந்து பார்த்தாலே சிறு கரண்டி மாதிரி தெரியும். கையால் தொட வேண்டியதில்லை. தூரத்திலிருந்து போன் கேமராவில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். உடல் நீளம், வாலை விட்டுவிட்டால், ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். இடம் பாறை வெடிப்பும் குடைவும், பெரும்பாலும் பக்கத்தில் தண்ணீர். வீட்டுச் சுவரில் இது இருப்பதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்பு ஒரு பையன் எண்ணெய் டின்னில் மூடி போட்டு ஒரு பல்லியை என் மண்டிக்குக் கொண்டுவந்தான். "நயினா, லட்ச ரூபா போகும்னு சொல்றாங்க, யாராவது பார்ட்டி தெரியுமா?" என்றான். வடகிழக்கு மாநிலங்களில் டோக்கே என்ற பெரிய பல்லி இருக்கிறது. சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளி. அது எய்ட்ஸ் நோயைக் குணமாக்கும் என்று 2010 வாக்கில் ஒரு வதந்தி கிளம்பி, அதைப் பிடித்து எல்லை தாண்டிக் கடத்தினார்கள். மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. 2019-இல் அதைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த வதந்தியின் வால்தான் சித்தூர் வரை வந்திருக்கிறது. டின்னைத் திறந்து பார்த்தேன். பாவம், புளியமரத்து மரப்பல்லி. முதுகில் அலை அலையாக வரி, விரலடியில் பிளந்த தட்டு. அவனையே கூட்டிப்போய்ப் பிடித்த மரத்திலேயே விடச் செய்தேன். ரொம்ப ஏமாந்துபோனான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மாந்தோப்பு நண்பரோடு அதன் பிறகு பல தடவை அந்தப் பாறைக்குப் போயிருக்கிறேன். சுவாமி படத்தை அவர் வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டார். சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கட்டுமா என்று கேட்டார். இன்னொரு தடவை கரண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் பழுப்பு நிறத்தில் இரண்டு, பிறகு நாலு. விரலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், சதுரத் தட்டுதான். போன வருஷம், சுண்ணாம்பு அடித்த சுவரை விட்டுவிட்டு, ஆள் கை எட்டாத உள் மூலையில் ஆறு முட்டை ஒட்டியிருந்தது. மஞ்சள் நிறத்தை இன்னும் அங்கே பார்க்கவில்லை.

2004-ஆம் ஆண்டு மலரை வைத்திருக்கும் அன்பர்கள் தயவுசெய்து என் கட்டுரையின் ஓரத்தில் இப்படி எழுதிக்கொள்ளவும்: "இரண்டு சாதி என்றது பிழை. பழுப்பும் பொன்னும் ஒன்றே. முட்டையைத் தொடவேண்டாம்."